சேர்மன் படம் இல்லாத பேனர்

ஆம்பூர்
3 ஆகஸ்ட் 2025

அன்பு மகள் மெர்சிக்கு,

அப்பா எழுதுகிறேன். யாரிடமும் சொல்லி எழுதவைக்கவில்லை. முதியோர் வகுப்பு மேகலா டீச்சர் தப்பு பார்த்துத் தருகிறேன் என்று சொன்னார், வேண்டாம் என்றுவிட்டேன். தப்பு இருந்தாலும் என் தப்பாக இருக்கட்டும். நானும் உன் அம்மாவும் ஆண்டவர் தயவில் நன்றாக இருக்கிறோம். நேற்றுக் காலை இதைத் தொடங்கினேன். உன் அம்மா எட்டிப் பார்த்து, "இன்னாய்யா, தோலுக்கு முத்திரை குத்துற மாதிரி அமுக்கிக்கினு இருக்கே? பேப்பர் கிழிஞ்சிடும்" என்று சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

முதியோர் வகுப்பில் தேர்வு வைத்தார்கள். தேறிவிட்டேன். அன்று முதல் கண்ணில் படுவதையெல்லாம் படிக்கிறேன். ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறது மெர்சி. ஆனால் படிப்பது எல்லாம் அருவருப்பாக இருக்கிறது. படிக்கத் தெரியாதபோது இந்த ஊர் எனக்கு இவ்வளவு அசிங்கமாகத் தெரியவில்லை. தண்ணீர்த் தொட்டியில் 'தூய குடிநீர்' என்று எழுதியிருக்கிறது, எழுத்து மேலேயே பாசி. பஸ் ஸ்டாண்டில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்று பார்த்தேன். செத்தவர் படம் உள்ளங்கை அளவு. அஞ்சலி செலுத்துகிறவர்கள் படம் ஆளுயரம். ஒருவன் கறுப்புக் கண்ணாடி போட்டுச் சிரிக்கிறான். யார் செத்தது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சீ என்று ஆகிவிட்டது. இத்தனை வருடம் இதையெல்லாம் நல்ல சேதி என்று நினைத்துக் கடந்து போயிருக்கிறேன்.

உன் கடிதத்தை நானே படித்தேன். ஒரு நாள் முழுக்க ஆனது. விண்வெளித் துறை, காலேஜ் வாத்தியார்கள் ஆராய்ச்சி செய்ய நிதி கொடுக்கிறது என்றும், அதற்கு நீ எழுதிப் போட்ட திட்டம் முதல் சுற்றில் தேறிவிட்டது என்றும் எழுதியிருக்கிறாய். பாலாற்றங்கரையில் உப்பு ஏறிப்போன நிலத்தை வானத்திலிருந்து படம் பிடித்து அளக்கப்போகிறாயாம். அவ்வளவு உயரத்திலிருந்து உப்பு தெரியுமா? நாங்கள் அதன் மேல் நடந்தபோதே எங்களுக்குத் தெரியவில்லை. எனக்குப் புரிகிற மாதிரி எழுது. போனில் சொல்லாதே. தோல் பதனிடுகிற டேனரியில், தோல் உருட்டுகிற டிரம்முக்குப் பக்கத்திலேயே நின்று போன காது இது. உன் குரல் எனக்கு இரைச்சலாகத்தான் கேட்கிறது. எழுத்தில் நீ தெளிவாகப் பேசுகிறாய்.

அப்பா
ம. இன்பராஜ்
(கையெழுத்து. கைநாட்டு இல்லை)


நெமிலி
9 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். விடுதிப் பிள்ளைகளிடம்கூடக் காட்டினேன். "மேடம், உங்க அப்பா செம்ம கோவக்காரர் போல" என்றார்கள்.

உப்பு தெரியும் அப்பா. உப்புப் பூத்த மண்ணும் நல்ல மண்ணும் வெயிலைத் திருப்பி அனுப்புகிற விதம் வேறு. நம் கண் பார்க்காத ஒளியையும் செயற்கைக்கோள் பார்க்கும். ஒவ்வொரு வருடப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உப்பு எந்தப் பக்கமாக நகர்கிறது என்று தெரிந்துவிடும். துத்திப்பட்டுப் பக்கம் நாம் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்திருந்த காடும் அதில் வருகிறது. ஆராய்ச்சியோடு கல்வியும் உண்டு. சுற்றுப்பக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு இந்தப் படங்களைப் படிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மூன்று வருடத் திட்டம்.

ஆனால் இன்னும் கிடைக்கவில்லை. முதல் சுற்றுதான் முடிந்திருக்கிறது. அக்டோபரில் பெங்களூரில் நிபுணர் குழு முன்னால் விளக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் முடிவு. தயவுசெய்து யாரிடமும் சொல்லாதீர்கள். இங்கே காலேஜில் நிலைமை கொஞ்சம் சிக்கல். நேரில் சொல்கிறேன்.

மருந்துப் பட்டையில் தேதி படிக்கக் கற்றுக்கொண்டீர்களா? அம்மாவின் மாத்திரையைப் பாருங்கள்.

அன்பு மகள்
மெர்சி


ஆம்பூர்
17 ஆகஸ்ட் 2025

அன்பு மகள் மெர்சிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே ஒரு காரியம் செய்துவிட்டேன். உனக்கு இதற்குள் சேதி வந்திருக்கும். என் வாயாலும் கேள்.

நீ முதல் சுற்று என்று எழுதியதை நான் எங்கள் டேனரிக் கணக்கில் எடுத்துக்கொண்டேன். எங்களுக்கு சாம்பிள் பாஸ் ஆனால் ஆர்டர் வந்த மாதிரிதான். வெளிநாட்டுக்காரன் சாம்பிள் தோலைத் தடவிப் பார்த்து தலையாட்டிவிட்டால் முதலாளி அன்றைக்கே பிரியாணி போடுவார். ஆர்டர் காகிதம் மெல்ல வரும். உன் திட்டமும் சாம்பிள் பாஸ் என்று நினைத்தேன். ரஃபி அகமதுவிடம் போனேன். டேனரியை விட்ட பிறகு அவன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஃபிளெக்ஸ் கடை போட்டிருப்பது உனக்குத் தெரியுமே. பேனர் அடிக்கச் சொன்னேன். வாசகம் முழுக்க நான் எழுதியது: 'வானத்திலிருந்து நம் மண்ணைப் படிக்கப்போகும் ஆம்பூர் மகள் முனைவர் மெர்சி இன்பராஜுக்கு விண்வெளித் துறை நிதி. வாழ்த்துகிறோம்.' உன் படம் ஒன்றுதான். நீ பட்டம் வாங்கிய படம். ரஃபி, "டேய் தோஸ்த், ஒரு ராக்கெட்டாச்சும் போடலாம்டா, காலியா கீது" என்றான். எழுத்து நிறைய இருக்கட்டும் என்றேன். நான் எழுதியது பஸ் ஸ்டாண்டு முன்னால் அவ்வளவு பெரிதாகத் தொங்குவதைப் பார்த்து எதிர் டீக்கடையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நேற்று உங்கள் பொன்வாசல் கல்லூரியிலிருந்து கார் வந்தது. பி.ஆர்.ஓ. வசந்த் என்று ஒரு பையன். சட்டை மடிப்புக் கலையாமல் நின்றான். ரஃபியும் அப்போது என்னோடு இருந்தான். பையன் ஏதோ சொன்னான், கேட்கவில்லை. உன் அம்மா, "அவருக்குக் காது மந்தம் தம்பி, வாய் விட்டுக் கத்து" என்றாள். தெருக் குழாயில் பெண்கள் எல்லாம் குடத்தோடு நின்றார்கள். அவன் அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கத்த ஆரம்பித்தான்.

"பெரியவரே, அந்தப் பேனரை எறக்கணும்!"

"ஏன்?"

"சேர்மன் ஐயா போட்டோ இல்லாம எப்படிப் போட்டீங்க?"

"அவரு எனக்கு இன்னா ஒறவு?"

"காலேஜ் அவரோடதுங்க!"

"பொண்ணு என்னோடதுப்பா."

குழாயடியில் சிரித்துவிட்டார்கள். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. இன்னும் சத்தமாக, "ப்ராஜெக்ட் டீன் கார்முகிலன் சாரோடது! அவர்தான் முதன்மை ஆய்வாளர்! உங்க பொண்ணு துணை ஆய்வாளர்!" என்றான்.

"இன்னொரு வாட்டி சொல்லு."

"டீன் சார் முதல்ல! உங்க பொண்ணு துணை!"

தெருக்கோடி வரை கேட்டிருக்கும். அப்போது ரஃபி ஏதோ கேட்டான். அதற்குப் பையன் தலையைக் குனிந்து பதில் சொன்னான். அவன் போன பிறகு ரஃபியைக் கேட்டேன். "'அப்ப அத்த எழுதினது யாருப்பா'ன்னு கேட்டேன். 'எழுதினது மேடம்தான்'னான்" என்றான். அதை மட்டும் மெல்லச் சொல்லியிருக்கிறான்.

மெர்சி, இது என்ன? நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை. ஈரத்தோலும் சுண்ணாம்பும் சேர்ந்து வரும் வாடையில் உட்கார்ந்து சோறு தின்றவன் நான். எனக்குக் குமட்டுகிறது.

நீ எழுதியதற்கு அந்த ஆள் எப்படி முதல்?

அப்பா
இன்பராஜ்


நெமிலி
23 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மேல் கோபப்பட்டு எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

விதி இப்படி. முதன்மை ஆய்வாளராக இருக்க நிரந்தர ஆசிரியராக இருக்க வேண்டும். நான் இங்கே சேர்ந்து ஏழு வருடமாகத் தொகுப்பூதியத்தில்தான் இருக்கிறேன். நிரந்தர உத்தரவு கேட்டால் அடுத்த வருடம் என்பார்கள். அடுத்த வருடம் போய்க் கேட்டால், "மேடம், உங்களுக்கு விடுதி ரூம் குடுத்திருக்கோமே" என்பார்கள். திட்டத்தை முழுக்க எழுதிக்கொண்டு போனபோது டீன், "பேர்ல என்னம்மா இருக்கு, நான் போட்டுக்கறேன், வேலைய நீ பாரு" என்றார். சேர்மன் கையெழுத்து இல்லாமல் விண்ணப்பம் போகாது. போட்டுக்கொள்ளட்டும் என்றேன். உங்களிடம் அதை எழுதக் கூச்சமாக இருந்தது.

இப்போது உங்கள் பேனரை யாரோ படம் பிடித்து சேர்மனுக்கு அனுப்பிவிட்டார்கள். எல்லோர் முன்னாலும் கூப்பிட்டு, "இது உங்க வீட்டுக் காலேஜாம்மா?" என்றார். டீன் பக்கத்தில் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களே ஒரு பேனர் அடித்து உங்களுக்கு அனுப்புகிறார்கள். அதே இடத்தில் அதை மாட்ட வேண்டுமாம். மாட்டினால்தான் பெங்களூர் போக அனுமதிக் கடிதத்தில் கையெழுத்து. மாட்டிவிடுங்கள் அப்பா. ஒரு வாரம் தொங்கட்டும், பிறகு மழையே கிழித்துவிடும்.

குமட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உருட்டிய தோல் எந்தெந்த நாட்டுக்கோ ஷூவாகப் போனது. அதன் அடியில் உங்கள் பெயரா இருந்தது? நீங்கள் மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் வேலை பார்த்ததால்தான் நான் படித்தேன். நானும் மூக்கைப் பொத்தாமல் வேலை பார்க்கிறேன். பெயர் யாருடையதாக இருந்தாலும் படம் எடுத்து அளக்கப்போவது நான்தான்.

மெர்சி


ஆம்பூர்
31 ஆகஸ்ட் 2025

மெர்சிக்கு,

உன் கேள்விக்குப் பதில் எழுத நாலைந்து நாள் ஆகிவிட்டது. எழுத்து மெதுவாக வருகிறது, யோசனை அதைவிட மெதுவாக வருகிறது.

என் பெயர் ஷூவில் இல்லை. நீ சொன்னது சரி. ஆனால் எங்கள் மேஸ்திரி அப்துல் ஹமீத் இருந்தாரே, வாங்குகிறவன் வந்து தோலைத் தூக்கிப் பார்க்கும்போது, "இது இன்பராஜ் டிரம்மு" என்பார். முதலாளி பக்கத்தில் நின்றாலும் சொல்வார். அந்த வெள்ளைக்காரனுக்கு என் பெயர் வாயில் நுழையாது, முதலாளிக்குப் பிடிக்கவும் பிடிக்காது. ஆனாலும் சொல்வார். ஒருநாளும் "நான் உருட்டினேன்" என்று சொன்னதில்லை. அவருக்குக் கீழே வேலை செய்தது எனக்கு அருவருப்பாக இல்லை. நான் எழுதத் தெரியாதவன், என் பெயரைச் சொல்ல இன்னொரு வாய் வேண்டியிருந்தது. நீ ஏன் இன்னொருவர் பெயரை எழுதினாய்?

என் பேனரை நானே இறக்கிவிட்டேன். வராத நிதியை வந்தது என்று போட்டது என் தப்புதான். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அந்தச் சேர்மனிடம் கேட்க மாட்டேன்.

அவர்கள் அனுப்பியது வந்தது. தரையில் விரித்துப் படித்தேன். சேர்மன் கும்பிடுகிறார், கதவு உயரம். மேகத்திலிருந்து அவருடைய செத்துப்போன அப்பா ஆசீர்வாதம் செய்கிறார். சேர்மன் மகன் போனில் பேசிக்கொண்டு இருக்கிறான். ராக்கெட் ஒன்று போகிறது, சேர்மன் மூக்கைவிடச் சின்னது. 'விண்ணை வென்ற வேந்தே' என்று எழுதியிருக்கிறது. அப்புறம் டீன். நீ எங்கே என்று தேடினேன். உன் அம்மாதான் விரலை வைத்துக் காட்டினாள். மூலையில், கயிறு கட்டும் ஓட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறாய். கட்டினால் கயிறு உன் கழுத்தில்தான் விழும். "இது இன்னா கருமம்" என்று உன் அம்மா எழுந்து போய்விட்டாள். கண்ணீர் அஞ்சலிப் போஸ்டராவது பரவாயில்லை, செத்தவருக்கு அது தெரியாது.

நான் அதை மாட்ட மாட்டேன். விறகின் மேல் கவிழ்த்துப் போட்டிருக்கிறேன். மழைக்கு சேர்மன் உதவுவார்.

உன் பெயரில் விதி இடம் தரவில்லை என்றால் அவர்களிடம் விதிப்படி உன்னை நிரந்தரமாக்கச் சொல். முடியாது என்றால் திட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வா. இங்கே ரசமும் சோறும் இருக்கிறது. உன்னைப் பார்த்து நான் அருவருப்புப் படுகிற நாள் வரக்கூடாது என்று இருக்கிறது.

அப்பா


நெமிலி
2 நவம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இரண்டு மாதமாக எழுதவில்லை. எழுத முடியாமல் இல்லை, முடிவு தெரியாமல் எழுதக்கூடாது என்று இருந்தேன்.

பேனர் மாறவில்லை என்று வசந்த் போய்ச் சொன்னதும் சேர்மன் மறுபடி கூப்பிட்டார். "எங்க அப்பா மாட்ட மாட்டாரு சார். அவருக்குக் காதும் கேக்காது, சொன்னாலும் ஏறாது" என்றேன். அப்படிச் சொன்ன பிறகு எனக்கு பயம் போய்விட்டது. பெங்களூரில் குழு கேள்வி கேட்டால் டீன் சார் பதில் சொல்வாரா என்று கேட்டேன். சேர்மன் டீன் பக்கம் திரும்பினார். நான் போக வேண்டுமென்றால் முதலில் நிரந்தர உத்தரவு வேண்டும் என்றேன். டீன்தான் முதலில் வாய் திறந்தார். "குடுத்துடலாம் சார், அவங்க இல்லன்னா அங்க பேஜாராயிடும்." அன்று மாலையே உத்தரவு கையில் வந்தது. ஏழு வருடமாக அச்சடிக்க முடியாத காகிதம், அப்பா. அப்போதுதான் எனக்கும் குமட்டியது.

ஆனால் முதல் சுற்றில் போன பெயரை மாற்ற முடியாது என்றார்கள். அதற்கு நான் சரி என்றேன். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், மறைக்கவில்லை: பெயரை விற்றேன், வேலையை வாங்கினேன். பெங்களூரில் டீன் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு மைக்கை என்னிடம் கொடுத்தார். மீதி எல்லாம் நான் பேசினேன். நிதி கிடைத்துவிட்டது. டீன் முதன்மை, நான் துணை. அடுத்த அழைப்பு வரும்போது என் பெயரிலேயே போட எனக்கு இப்போது தகுதி இருக்கிறது. நீங்கள் திட்டுவீர்கள். திட்டுங்கள். ஆனால் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து ரசம் சாப்பிட்டால் உப்பை யார் அளப்பது?

வருகிற சனிக்கிழமை கல்லூரியில் பாராட்டு விழா. உங்களையும் அம்மாவையும் மேடை ஏற்றிச் சால்வை போடுகிறார்களாம். சேர்மன் தானே சொன்னார். கார் அனுப்புகிறார்கள். வாருங்கள் அப்பா. எனக்காக.

மெர்சி


ஆம்பூர்
5 நவம்பர் 2025

அன்பு மகள் முனைவர் மெர்சி இன்பராஜுக்கு,

உன் கடிதத்தை உன் அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நிரந்தரம் என்ற இடத்தில் அழுதாள். விற்றேன் என்ற இடத்தில், "எம் பொண்ணு கம்மி வெலைக்கு விக்கல" என்றாள். அவள் சேலை எடுத்து வைத்துவிட்டாள். காரில் அவள் வருவாள்.

நான் வரவில்லை. அந்த மேடையில் கார்முகிலன் மாலையோடு உட்கார்ந்திருப்பான். எல்லோரும் கை தட்டுவார்கள். சேர்மன் எனக்குச் சால்வை போட்டுவிட்டு கேமராவைப் பார்ப்பார். அந்தச் சால்வை என் தோளில் பட்டால் நான் அங்கேயே எதையாவது சொல்லிவிடுவேன். என் குரல் எவ்வளவு சத்தம் என்று எனக்கே தெரியாது. உனக்கு மறுபடி கஷ்டம். எனக்கு அவர்களைப் பார்க்கவே அருவருப்பு. இது போகாது, போக வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.

உன்னைத் திட்டவில்லை. நீ செய்ததை நான் செய்திருக்க மாட்டேன். என்னை நிரந்தரம் செய்ய ஏழு வருடம் யாரும் இழுத்தடிக்கவில்லை, என்னை யாரும் நிரந்தரம் செய்யவே இல்லை. அதனால் உன் இடத்தில் நின்று பேச எனக்குத் தெரியவில்லை. மறைக்காமல் எழுதினாயே, அது போதும். ஆனால் சரி என்று என் கையால் எழுத முடியவில்லை. இரண்டு முறை எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன்.

அடுத்த அழைப்பு வரும், என் பெயரில் போடுவேன் என்கிறாய். மூன்று வருடத் திட்டம் முடிந்துதானே அது. எனக்கு இப்போதே எழுபத்து நான்கு. உனக்கு அவசரம் இல்லை, எனக்கு இருக்கிறது.

அதனால் ஒன்று கேட்கிறேன். துத்திப்பட்டுக் காடு வருகிற படத்தை எனக்கு அனுப்பு. காலேஜ் பெயர் போட்டதோ, முத்திரை குத்தியதோ வேண்டாம். வெறும் படம். உப்பு எங்கே இருக்கிறது என்று மட்டும் பென்சிலால் காட்டு. கீழே கொஞ்சம் இடம் விட்டு அனுப்பு. அளந்தவர் பெயரை நான் எழுதிக்கொள்கிறேன்.

உன் அப்பா
ம. இன்பராஜ்